பழைய அஞ்சல் கோப்புறைகளைப் புதிய தண்டர்பேர்டில் சேர்ப்பது எப்படி?

கேள்வி: பல ஆண்டுகளாகப் பழைய கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் 52-ஆம் பதிப்பில், அஞ்சல்களைக் கணினிக்கே இறக்கிவைக்கும் பாப் முறையில் மின்னஞ்சல் பெற்றுவந்தேன். அந்தக் கணினி பழுதாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் நன்றாக இருக்கிறது. புதிய கணினியில் தற்போதைய பதிப்பை நிறுவி, அதே கணக்கை, அஞ்சல்கள் சர்வரிலேயே இருக்கும் ஐமேப் முறையில் அமைத்துவிட்டேன். பழைய கோப்புறைகளைப் பென் டிரைவ் வழியாகக் கொண்டுவர முயன்றபோது சிறியவை வந்தன, இன்பாக்ஸ் மட்டும் வரவில்லை. புதிய அமைப்பைக் கலைக்காமல் பழைய அஞ்சல்களைச் சேர்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. இதற்குத் தனி மென்பொருளோ கட்டணச் சேவையோ தேவையில்லை. பதிப்புகள் எத்தனை மாறினாலும், தண்டர்பேர்ட் உள்ளூர் அஞ்சல்களைச் சேமிக்கும் அடிப்படை வடிவம் இன்னும், ஒரு கோப்புறையின் அஞ்சல்களை எல்லாம் ஒரே கோப்பில் வைக்கும் எம்பாக்ஸ்தான் என்பதால், கோப்புகளைச் சரியான இடத்தில் வைத்தாலே போதும்.

இன்பாக்ஸ் வராததற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் பென் டிரைவாகவே இருக்கும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் 4 ஜிபி அளவை எட்டும் எந்தத் தனிக் கோப்பும் ஏறாது. டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் இதுதான் நிலை. அதை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றுங்கள். அப்படி மாற்றும்போது அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் முதலில் அவற்றை வேறிடத்தில் வையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கையே யுஎஸ்பி இணைப்பான் மூலம் புதிய கணினியில் இணைப்பது இன்னும் நல்லது.

பழைய டிஸ்க்கில் யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், தண்டர்பேர்ட், புரொஃபைல்ஸ் என்ற வரிசையில் உள்ளே செல்லுங்கள். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை. அதைக் காண விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை இயக்க வேண்டும். அங்குள்ள புரொஃபைலுக்குள் (உங்கள் அஞ்சல்களும் அமைப்புகளும் சேமிக்கப்படும் கோப்புறை) 'மெயில்' என்ற கோப்புறை இருக்கும். பலரும் அதிலுள்ள 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பாப் கணக்கின் அஞ்சல்களோ, வழக்கமாக அதன் பக்கத்திலேயே சர்வரின் பெயரைத் தாங்கிய இன்னொரு கோப்புறையில் இருக்கும். நீங்கள் தேடும் இன்பாக்ஸ் அங்கேதான் இருக்க வேண்டும்.

அதைத் திறந்தால் ஒவ்வொரு பெயரும் இரண்டு மூன்று முறை தென்படும். 'இன்பாக்ஸ்' என்று, பின்னொட்டு எதுவும் இல்லாமல், அளவில் பெரிதாக இருப்பதுதான் உண்மையான அஞ்சல் கோப்பு. அதே பெயரோடு எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டுடன் இருப்பது வெறும் அட்டவணை. அது இல்லாவிட்டால் தண்டர்பேர்ட் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். எஸ்பிடி என்று முடியும் கோப்புறைக்குள் அதன் துணைக் கோப்புறைகள் இருக்கும். ஐயம் இருந்தால், பின்னொட்டு இல்லாத சிறிய கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள்: 'ஃப்ரம்' என்ற சொல்லும் தேதியும் கொண்ட ஒரு வரியும், அதன்கீழ் அனுப்புநர், பொருள் முதலியவையும் வெறும் எழுத்தாகத் தெரியும். பார்த்தபின் எதையும் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

இனி புதிய கணினி. தண்டர்பேர்டின் ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்தால், புரொஃபைல் ஃபோல்டர் என்ற வரிக்கு எதிரே அதைத் திறக்கும் பொத்தான் இருக்கும். அந்த இடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, தண்டர்பேர்டை முழுமையாக மூடுங்கள்; இது கட்டாயம். பிறகு அங்குள்ள மெயில், லோக்கல் ஃபோல்டர்ஸ் என்ற இடத்தில் பின்னொட்டில்லாத கோப்புகளையும் எஸ்பிடி கோப்புறைகளையும் நகலெடுத்து ஒட்டுங்கள். 'ஐமேப்மெயில்' கோப்புறைக்குள் எதையும் வைக்காதீர்கள்; அது சர்வரில் உள்ளவற்றின் பிரதி மட்டுமே.

ஒட்டுவதற்கு முன் பெயரை மாற்றிவிடுவது நல்லது. 'இன்பாக்ஸ்' என்பதைப் 'பழைய இன்பாக்ஸ்' என்றாக்கினால், ஏற்கெனவே இருக்கும் ஏதேனும் ஒன்றின்மேல் எழுதிவிடும் அபாயம் இல்லை. ஆனால் அதற்குரிய எஸ்பிடி கோப்புறையின் பெயரையும் அதேபோல மாற்ற வேண்டும். இரண்டின் பெயரும் பொருந்தினால்தான் துணைக் கோப்புறைகள் தாய்க் கோப்புறையின்கீழ் வந்து அமரும்.

தண்டர்பேர்டைத் திறந்ததும் லோக்கல் ஃபோல்டர்ஸின்கீழ் அவை தோன்றும். பெரிய கோப்புறையை முதன்முறை சொடுக்கும்போது அட்டவணை உருவாகச் சற்று நேரமாகும், இடையில் மூடிவிடாதீர்கள். எண் எழுத்துக் கலவையாக விநோதமான பெயர் ஒன்று தென்பட்டால் பதற வேண்டாம். பழைய பெயரில் சாய்கோடு, முக்காற்புள்ளி போன்ற குறிகள் இருந்திருந்தால் டிஸ்க்கில் அது இவ்வாறு மாற்றிச் சேமிக்கப்பட்டிருக்கும், உண்மைப் பெயர் அட்டவணையில்தான் இருந்திருக்கும். தண்டர்பேர்டுக்குள்ளேயே பெயரை மாற்றிக்கொள்ளலாம். அஞ்சல் பட்டியல் குழம்பித் தெரிந்தால், கோப்புறையின் பிராப்பர்ட்டீஸில் உள்ள ரிப்பேர் ஃபோல்டர் பொத்தான் அட்டவணையை மீண்டும் உருவாக்கித் தரும்.

பழைய புரொஃபைல் முழுவதையும் இறக்குமதி செய்யும் வசதி அண்மைப் பதிப்புகளில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். எதுவும் அமைக்காத புதிய நிறுவலுக்கு அது பொருத்தம். உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய பாப் கணக்கும் கூடவே வந்து, ஒரே முகவரிக்கு இரண்டு கணக்குகள் நிற்கும். முகவரிப் புத்தகம் வேறு கதை: 78-ஆம் பதிப்பில் அதன் வடிவமே மாறிவிட்டதால், பழைய முகவரிக் கோப்பை நேரடியாக நகலெடுத்து வைப்பது பயன் தராது.

பழைய அஞ்சல்களைச் சர்வரிலும் வைத்துக்கொள்ள விரும்பினால், சர்வரில் ஒதுக்கிய இடம் போதுமா என்று முதலில் பார்த்துவிட்டு, தண்டர்பேர்டுக்குள் அவற்றைத் தேர்ந்தெடுத்து, சில நூறு அஞ்சல்களாக ஐமேப் கணக்கின் கோப்புறைக்கு நகலெடுங்கள். நகர்த்தாதீர்கள், நடுவே இணைப்பு அறுந்தால் எது போய்ச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. தேடல் வசதிக்கான பட்டியல் பின்னணியில் மெதுவாகத்தான் உருவாகும் என்பதால், தொடக்கத்தில் பழைய அஞ்சல் ஒன்று தேடலில் அகப்படாவிட்டாலும் அது தொலைந்துவிட்டதாக எண்ணி எல்லாவற்றையும் மறுபடி நகலெடுக்க வேண்டாம்.