முக்கோண வலைக்கூரை உதகைக்குப் பொருந்துமா?

புதிய அருங்காட்சியகங்களிலும் விமான நிலையங்களிலும் கூரை ஏன் முக்கோண வலையாக அமைகிறது, உதகையில் ஒரு பொதுக்கூடத்துக்கு அது ஏற்றதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான்கு சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணியாகக் கோத்துப் பக்கவாட்டில் தள்ளினால் சதுரம் சாய்ந்துவிடும். முக்கோணமோ, சட்டமே வளைந்தாலோ முறிந்தாலோ அன்றி உருமாறாது. ஆகவே, சுமையைப் பல திசைகளில் பகிர்ந்து, நடுவே தூணின்றிப் பெரும்பரப்பை மெல்லிய எஃகால் மூட முடிகிறது. 1967-இல் கனடாவின் மான்ட்ரியல் கண்காட்சிக்காக அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் முக்கோண வலையாக அமைத்த கோளக்கூடு 76 மீட்டர் விட்டமுடையது. 1976-இல் அதன் அக்ரிலிக் உறை தீப்பற்றி எரிந்தும் எஃகுக்கூடு நின்றது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 2000-இல் திறக்கப்பட்ட முற்றக் கூரை, வட்டமான வாசிப்பறையையும் செவ்வக முற்றத்தையும் இணைக்க நெளிந்து செல்வதால், அதன் 3,312 கண்ணாடிகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை.

உதகையில் சிக்கல் எடையன்று, நீர். இரு பருவமழைகளும் நனைக்கும் ஊரில் ஒவ்வோர் இணைப்பும் ஒழுகக்கூடிய இடமே. உறைபனிக்கால இரவுகளில் கூட்டத்தினரின் மூச்சு ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து தலையில் சொட்டும் (கண்ணாடி வீட்டுச் செடிகளாயின் மகிழும்). எனவே, வெளியே சரிவான தகரக்கூரை, உள்ளே மரச்சட்ட முக்கோண உட்கூரை, இடையில் காற்றோட்டம் என்பதையே நான் பரிந்துரைப்பேன்.