ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல் ஸ்பேசர் போடலாமா? ஆர்.சி. அப்பா பேரில் இருக்கிறது

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன். ஸ்பேசர் என்பது சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்த, சக்கரம் மாட்டும் நடுப்பாகமான ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையில் வைக்கிற உலோகத் தட்டு.

"அண்ணாச்சி, போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷே கேமன் வாங்கினோம். ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் அப்பா பேரில், ஓட்டுவது நான். பின்சக்கரம் ஃபெண்டருக்கு (மட்கார்டுக்கு) உள்ளே தள்ளி நிற்பது பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது. ஸ்பேசர் போட்டால் வெளியே வந்து நிற்கும், காரின் தோரணையே மாறிவிடும் என்கிறார்கள். முன்னால் 7 மி.மீ., பின்னால் 15 மி.மீ. நீளமான போல்ட்டோடு சேர்த்து ஒரு கடையில் மாட்டித் தருகிறார்கள். 'ஆர்.சி.யில் இந்த அளவே கிடையாது, யாரும் கேட்க முடியாது' என்கிறார் கடைக்காரர். அப்பா 'கேஸு கீஸுன்னு வந்தா யாருலே கோர்ட்டுக்கு அலையுறது' என்கிறார். இது சட்டப்படி தப்பா? இன்சூரன்ஸ் போய்விடுமா? போடவா, வேண்டாமா?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி, அந்தக் கடை ஸ்பேசரை மாட்ட வேண்டாம். வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் நீங்கள் கேட்கப் போவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52 என்ன சொல்கிறதென்றால், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் போய்விடும்படி வண்டியை மாற்றக் கூடாது. அதே பிரிவின் கடைசியில் ஒரு விளக்கம் இருக்கிறது: வண்டியின் கட்டமைப்பில் கை வைத்து, அதனால் அதன் அடிப்படை அம்சமே மாறினால்தான் அது 'மாற்றம்'. உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், நிறம், இருக்கை, எடை எல்லாம் இருக்கும். வீல்பேஸ் இருந்தாலும் அது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், அதை ஸ்பேசர் தொடாது. ஸ்பேசர் கூட்டுவது இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையில் உள்ள அகலத்தை. பின்னால் பக்கத்துக்கு 15 என்றால் மொத்தம் 30 மி.மீ. கூடும். அந்த அளவு ஆர்.சி.யில் வராது. ஆக, பிரிவு 52-ஐ மட்டும் வைத்து வழக்கு வந்தால் வாதாட இடம் இருக்கிறது, நானே நின்று வாதாடுவேன்.

ஆனால் எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் (ஆர்.டி.ஓ. எதிர் கே. ஜெயச்சந்திரா) உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைப் படித்த விதம் கறாரானது. தயாரிப்பாளர் கொடுத்த மூல அளவுகளிலிருந்து விலகக் கூடாது என்பதில்தான் அந்தத் தீர்ப்பின் அழுத்தம் முழுக்க இருக்கிறது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ என்று ஒரு புதுப் பிரிவு சேர்ந்தது. அதன் நான்காவது உட்பிரிவின்படி, வண்டியின் உரிமையாளர் சட்டமும் விதிகளும் அனுமதிக்காத முறையில் வண்டியை மாற்றினால், வெளியிலிருந்து பாகம் வாங்கிப் பொருத்துவதும் இதில் சேரும், ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஸ்பேசர்' என்ற சொல் அதில் இல்லை, இருக்கவும் தேவையில்லை.

அந்த வாசகத்தில் 'உரிமையாளர்' என்று இருப்பதைக் கவனியுங்கள். மாட்டச் சொன்னது நீங்கள், ஓட்டுவது நீங்கள், ஆனால் இந்தப் பிரிவில் சம்மன் வந்தால் அதில் இருக்கப் போவது அப்பா பேர். பிரிவு 190-ம் அப்படித்தான், ஆபத்தான கோளாறு உள்ள வண்டி என்று தெரிந்தோ, சாதாரணக் கவனத்தில் தெரிந்துகொள்ள முடிந்தும் கவனிக்காமலோ பொது ரோட்டில் ஓட்டினாலும் குற்றம், ஓட்ட விட்டாலும் குற்றம். உங்கள் அப்பா கேட்ட கேள்வி ரொம்பச் சரியான கேள்வி தம்பி. அவர் பேரில் இருக்கிற வண்டியில் அவருக்குப் புரியாத ஒரு வேலையைச் செய்துவிட்டு, அதன் சுமையை மட்டும் அவர் தலையில் வைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். வண்ணார்பேட்டையில் சோதனைக்கு நிறுத்துகிற போலீஸ்காரர் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கப் போவதில்லை. சைலன்சர் சத்தம், நம்பர் பிளேட், கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு ஃபிலிம், இவைதான் கண்ணில் படும். டயர் ஃபெண்டரைத் தாண்டி வெளியே துருத்தினால் ஒழிய, ஸ்பேசர் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். கடைக்காரர் தைரியமும் இதுதான். என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது, விபத்து நடந்த மறுநாள்.

ஒரு பெரிய விபத்து நடந்தால், வண்டியை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி, மோட்டார் வாகன ஆய்வாளரை வரவழைத்து அறிக்கை வாங்குவார்கள். அந்த அறிக்கையில் பிரேக், ஸ்டியரிங், டயர் என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'இந்த விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல' என்று ஒரு வரி வரும். நான் பார்த்த வழக்குக் கட்டுகளில் பெரும்பாலானவற்றில் அந்த வரியை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை, சம்பிரதாயம் போல இருக்கும். உங்கள் கார் அங்கே நின்றால், ஒரு சக்கரம் கழன்றோ வளைந்தோ கிடந்தால், ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தட்டு பளிச்சென்று தெரியும். ஆய்வாளர் அதை எழுதாமல் விட மாட்டார். 'தயாரிப்பாளர் பொருத்தாத பாகம் காணப்பட்டது' என்று ஒரு வரி விழுந்தால் போதும், அதற்குப் பிறகு நடக்கிற எல்லாம் அந்த வரியைச் சுற்றித்தான் நடக்கும். உயிரிழப்பு என்றால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1), ஐந்து வருஷம் வரை சிறை. எதிரே தப்பாக வந்தது மற்ற வண்டியாகவே இருக்கட்டும், 'வண்டியை ஆபத்தாக மாற்றி ஓட்டியவர்' என்று அரசுத் தரப்பு உங்களைக் காட்டும், அதை உடைக்க நாங்கள் நிபுணர் சாட்சி தேடி அலைய வேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டீர்கள். இதில் இரண்டு பாதி. தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் வண்டியால் அடிபட்டவருக்கான இழப்பீடு, அவ்வளவு சுலபத்தில் போகாது. கம்பெனி என்னென்ன காரணம் சொல்லித் தப்பிக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 150-ல் எண்ணித்தான் வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டுவது, பந்தயத்துக்கு ஓட்டுவது போன்றவை அதில் உண்டு, ஸ்பேசர் கிடையாது. ஆனால் முக்கிய விஷயத்தை மறைத்து பாலிசி வாங்கினார் என்பது அதில் இருக்கிறது. இந்த வருஷம் பாலிசி எடுத்த பிறகு ஸ்பேசர் மாட்டினால், பாலிசி எடுக்கும்போது மறைத்தார் என்று சொல்ல முடியாது. அடுத்த வருஷம் ரின்யூவல் வருகிறதே, அப்போது மாற்றம் எதுவும் உண்டா என்று கேட்கும் இடத்தில் 'இல்லை' என்று டிக் அடித்து ஆன்லைனில் பணம் கட்டிவிடுவோம், அந்த ஒரு டிக் அப்பாவுக்கு எதிரான ஆவணமாகிவிடும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

சொந்த வண்டிச் சேதம், ஓ.டி. என்கிறோமே, அதில்தான் உடனடி அடி. வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்பது பாலிசியின் வழக்கமான நிபந்தனை, சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் ஸ்பேசரைப் போட்டோ எடுத்து, வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, அந்த நிபந்தனையைக் காட்டி அறிக்கை எழுதினால் க்ளெய்ம் நின்றுவிடும். கதவில் உரசிய க்ளெய்முக்குப் பின்சக்கர ஸ்பேசரைக் காரணம் காட்டினால் நாம் விடக் கூடாது, மீறலை நிரூபிக்கிற பொறுப்பு கம்பெனி மேல்தான் இருக்கிறது. சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) கட்டணம் இல்லாமல் புகார் கொடுக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. ஆனால் போர்ஷே மாதிரி வண்டிக்கு ரிப்பேர் செலவே பல லட்சம் போகும், வழக்கு முடிகிற வரை கார் ஷெட்டில் நிற்கும்.

சட்டத்தைத் தாண்டி ஒரு விஷயம், இது எனக்கு மெக்கானிக்குகளும் சர்வேயர்களும் சொல்லிப் புரிந்தது. நல்ல ஸ்பேசரே உலகத்தில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. போர்ஷே நிறுவனமே சில மாடல்களுக்கு 5 மி.மீ. ஸ்பேசரைத் தன் துணைப்பொருளாக விற்றிருக்கிறது. ஜெர்மனியில் வெளி ஸ்பேசர்கள்கூட பரிசோதனைச் சான்றிதழோடு வருகின்றன. ஹப்பின் நடுவளையத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், போல்ட் ஸ்பேசரின் தடிமன் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும், இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கி, கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும். போல்ட் நீளம் குறைந்தால் மரை நாலு சுற்றுதான் பிடித்திருக்கும், சக்கரம் கழலும். சரி, ஸ்பேசரைக் கழற்றிவிட்டோம், ஆனால் நீள போல்ட்டையே மறுபடி போட்டுவிட்டால்? அது உள்ளே போய் ஹேண்ட் பிரேக் பாகங்களில் இடிக்கும். பஞ்சர் கடையில் அவசரத்தில் நடக்கிற தப்பு இதுதான். அதோடு சக்கரம் வெளியே போகப் போக பேரிங் மேல் சுமை கூடும், ஸ்டியரிங் குணம் மாறும். நாங்குநேரி தாண்டி வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு என்று நால்வழிச் சாலையில் போனால், ஆடி மாசம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளும், அந்த வேகத்தில் ஸ்டியரிங் பழைய மாதிரி சொல்பேச்சு கேட்குமா என்று யோசியுங்கள்.

அப்புறம் அந்தக் கடை. பில் கொடுப்பாரா என்று கேளுங்கள். பில்லில் வண்டி நம்பர், ஸ்பேசர் தயாரித்த கம்பெனி பேர், தடிமன், போல்ட் அளவு எழுதித் தருவாரா? 'மாட்டிய பிறகு நாங்கள் பொறுப்பல்ல' என்று சீல் குத்தினால் பயப்பட வேண்டியதில்லை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் வரும் தீங்குக்கான பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது, தயாரிப்பாளர் யாரென்று தெரியாத பொருளை விற்றால் விற்றவரையே பிடிக்கலாம். ஆனால் பில்லே இல்லாமல் வாங்கிவிட்டு அப்புறம் என்னிடம் வந்தால், கையில் எதை வைத்து வழக்குப் போடுவது?

ஆசையை அடியோடு விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசில்லை. காசு போட்டு ஆசைப்பட்டு வாங்கிய கார், அது எப்படி நிற்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. செய்வதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். சென்னையிலோ கொச்சியிலோ உள்ள கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அப்பா பேரில் ஒரு மெயில் போடுங்கள், சேசிஸ் நம்பர் கொடுத்து, இந்த வண்டிக்குக் கம்பெனி அங்கீகரித்த ஸ்பேசர் உண்டா, எத்தனை மி.மீ., எந்த ரிம்மோடு, மாட்டினால் வாரன்டி என்னவாகும் என்று கேளுங்கள். செகண்ட் ஹேண்ட் கார் என்பதால், முந்தைய ஓனர் ஏற்கனவே எதையாவது மாட்டி வைத்திருக்கிறாரா என்று பார்க்கவும் சொல்லுங்கள். உண்டு என்று எழுத்தில் பதில் வந்தால் அவர்களிடமே மாட்டுங்கள், அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து, அவர்கள் ஒப்புதலையோ பாலிசியில் சேர்க்கும் எண்டார்ஸ்மென்ட்டையோ வாங்கி வையுங்கள், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் கூடட்டும். இல்லை என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். மாட்டுவதா இல்லையா என்ற கடைசி வார்த்தை அப்பாவுடையதாகவே இருக்கட்டும்.

சர்வீஸ் சென்டர் பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். இன்சூரன்ஸுக்கு என்ன வாசகத்தில் எழுத வேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன்.