ஊரில்லாத பாலங்கள்

கேள்வி: ஐரோப்பாவில் ஜனநாயகம் தள்ளாடுகிறது. நாட்டுக்கு நாடு தீவிர வலதுசாரிகள் வளர்கிறார்கள். தங்களுக்கென்று ஒரு பொது அடையாளத்தை ஐரோப்பியர்கள் உருவாக்கிக்கொள்ளாததுதான் காரணமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உருவாக்கிக்கொள்ளாமல் என்ன? அச்சடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார்கள். யூரோ நோட்டு கையில் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள், ஒரு பாலம் இருக்கும். அது எந்த ஊர்ப் பாலம் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த ஊரிலும் இல்லை. 2002இல் புழக்கத்துக்கு வந்த ஏழு நோட்டுகளிலும் ஏழு பாலங்கள், ஏழும் கற்பனை. வரைந்தவர் ஆஸ்திரிய மத்திய வங்கியைச் சேர்ந்த ராபர்ட் கலினா. அவருடைய முதல் வரைவில் வெனிஸ் நகரத்து ரியால்டோ மாதிரி நிஜப் பாலங்களின் சாயல் இருந்தது. இத்தாலிப் பாலத்தைப் போட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மூக்கையும் முழியையும் மழித்து, யாருக்கும் சொந்தமில்லாத பாலங்களாக்கிவிட்டார்கள்.

குழு போட்டால் இப்படித்தான் ஆகும். நம் ஆண்டு மலர் அட்டைக்கும் ஒருமுறை குழு போட்டோம். கோபுரம் வேண்டாம் என்றார் ஒருவர். கடல் வேண்டாம் என்றார் இன்னொருவர். தலைவர் படம் என்று யாரோ வாயைத் திறந்ததும் எந்தத் தலைவர் என்று நாற்காலிகள் நகர்ந்தன. மூன்று கூட்டங்கள், பதினெட்டு வடைகளுக்குப் பிறகு யார் மனமும் புண்படாத ஒரு பூவரசு இலையை அச்சிட்டோம். மறு வாரமே கடிதங்கள்: "இன்னொரு இலை எங்கே?" அந்த அன்பர்களில் ஒருவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். ஐயா, அது மரத்தில்தான் இருக்கிறது.

சரி, பாலத்துக்கு வருவோம். நெதர்லாந்தில் ராட்டர்டாம் பக்கம் ஸ்பைகனிஸ என்று ஓர் ஊர். ராபின் ஸ்டாம் என்ற வடிவமைப்பாளரின் யோசனையைக் கேட்டு, அந்த ஏழு கற்பனைப் பாலங்களையும் நிஜமாகவே கட்டிவிட்டார்கள். நிறம்கூட நோட்டில் உள்ள அதே நிறம். 2013 வாக்கில் வேலை முடிந்தது. எந்த நாட்டுக்கும் சொந்தமாகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வரைந்தது, இப்போது டச்சுக்காரர்களுக்குச் சொந்தம்.

புறம்போக்கில் முதலில் கொட்டகை போட்டவனுக்குத்தான் பட்டா. உங்கள் கேள்விக்கும் அதுதான் பதில். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று பொது அடையாளத்தைக் காலி மனையாக விட்டார்கள். 'நம் மண், நம் ரத்தம்' என்று சொல்கிறவர்கள் அங்கே கொட்டகை போட்டுவிட்டார்கள். 2024 ஜூனில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பிரான்சில் தீவிர வலதுசாரியான லெ பென்னின் கட்சி முதலிடம். அன்று இரவே அதிபர் மக்ரோன் தன் நாட்டு நாடாளுமன்றத்தைக் கலைத்தார்.

ஜனநாயகம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1992இல் டென்மார்க் மக்கள், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் வேண்டாம் என்றார்கள். 1993இல் மறுபடி கேட்டு 'சரி' வாங்கினார்கள். அயர்லாந்து 2008இல், ஒன்றியத்தின் விதிகளைத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தம் வேண்டாம் என்றது, 2009இல் அங்கேயும் அதே கதை. இடையில் சலுகைகளும் உறுதிமொழிகளும் கொடுத்தார்கள், ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் தடவையே 'சரி' என்றிருந்தால் "நன்றாக யோசித்துத்தான் சொன்னீர்களா?" என்று இரண்டாவது முறை வந்து கேட்டிருப்பார்களா?

அப்புறம் ஒரு காபிக் கதை. 2023 டிசம்பரில் பிரஸல்ஸில் உச்சிமாநாடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் உக்ரைனைச் சேர்ப்பது பற்றிப் பேச்சு தொடங்க 27 நாடுகளும் ஒப்ப வேண்டும். அப்போதைய ஹங்கேரிப் பிரதமர் ஓர்பான் முடியாது என்கிறார். 'நீங்கள் கொஞ்சம் வெளியே போய்விட்டு வரலாமே' என்கிறார் அப்போதைய ஜெர்மன் பிரதமர் ஷோல்ஸ். ஓர்பான் காபி குடிக்க எழுந்து போனார் என்பது செய்தி. மீதி 26 பேர் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டார்கள். நம் கூட்டுக் குடும்பங்களில் பாகப் பிரிவினைப் பேச்சின்போது பெரிய மாமாவைத் திண்ணைக்கு அனுப்பும் அதே உத்தி. திரும்பி வந்த ஓர்பான், உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவியை அன்று இரவே தடுத்தார். காபி சரியில்லை போலிருக்கிறது. 2024 பிப்ரவரியில்தான் இறங்கி வந்தார்.

இப்போது நோட்டுகளை மாற்றி வரையப் போகிறார்கள். பெத்தோவன், மேரி க்யூரி போன்றவர்களின் முகங்களைப் போடலாமா, ஆறுகளையும் பறவைகளையும் போடலாமா என்று யோசனை. போலந்தில் பிறந்து பிரான்சில் உழைத்த க்யூரி எந்த ஊர்க்காரர் என்ற சண்டை வரும். நான் பறவை மேல் பந்தயம் கட்டுவேன்.

நோட்டில் ஏற்கெனவே ஒரு முகம் இருக்கிறது. 2013 முதல் வரும் வரிசையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வாட்டர்மார்க்கில் ஒரு பெண் தெரிவாள். பெயர் யூரோப்பா, கண்டத்துக்கே அவள் பெயர்தான். கிரேக்கக் கதைப்படி, காளையாக உருமாறி வந்த ஸியூஸ் அவளை முதுகில் ஏற்றிக் கடல் கடந்து கிரீட் தீவுக்குக் கொண்டுபோனான். அவள் பிறந்த ஊர் டயர், இன்றைய லெபனானில் இருக்கிறது. 'கடல் தாண்டி வந்தவர்களே, திரும்பிப் போங்கள்' என்று கூட்டம் போடுகிறவர்களின் நன்கொடை உண்டியலிலும் அவள்தான் கத்தை கத்தையாகக் கிடக்கிறாள்.