கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு: யூடியூப் காப்பிரைட் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பதற்றம்தான்: "யூடியூபிலிருந்து மெயில் வந்திருக்கிறது, சேனல் போய்விடுமா?" மெயிலைக் கடைசி வரி வரை படித்தவர்கள் குறைவு. காப்பிரைட் என்ற சொல்லைப் பார்த்ததுமே வீடியோவை அழித்துவிட்டு, பிறகுதான் எனக்கு எழுதுகிறார்கள். சின்னச் சேனல் நடத்துபவர்களுக்குப் பல வருடமாக இந்த விஷயத்தில் உதவி வருகிறேன். சட்டத்தால் சேனலை இழந்தவர்களைவிட, பயத்தாலும் தாமதத்தாலும் இழந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் மெயிலைப் படியுங்கள். எந்த வீடியோ, எந்த நிமிடம், யார் கோருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். ஒரு ரிசெப்ஷன் வீடியோவில் பின்னால் ஓடிய சினிமாப் பாட்டுக்காக 'காப்பிரைட் கிளைம்' வந்துள்ளது. திருமணத்தில் பாட்டு போட உரிமம் வேண்டாம் என்று சட்டமே சொல்கிறதாமே? (கும்பகோணம்)

உங்களுக்கு வந்திருப்பது கிளைம், ஸ்ட்ரைக் அல்ல. உரிமையாளர் முறையாகக் கேட்டு வீடியோ நீக்கப்படும்போது சேனல் மீது விழும் எச்சரிக்கைதான் ஸ்ட்ரைக். 2007இல் தொடங்கிய கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாட்டில், பாட்டு நிறுவனங்களும் பட நிறுவனங்களும் தங்கள் ஒலி, ஒளிக் கோப்புகளைக் கொடுத்து வைத்திருக்கின்றன. நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு வீடியோவையும் இயந்திரம் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது வீடியோ தடுக்கப்படும், அல்லது யார் பார்க்கிறார்கள் என்ற கணக்கை மட்டும் அவர் எடுத்துக்கொள்வார். இதனால் சேனலுக்கு ஆபத்தில்லை.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52(1)(za) பிரிவு மதச் சடங்குகளிலும், திருமண ஊர்வலம், அதையொட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிப்பதை மீறலாகக் கருதுவதில்லை. அந்தச் சலுகை மண்டபத்தோடு முடிகிறது. அதே பாட்டைப் பதிவு செய்து உலகம் முழுக்கப் பார்க்கும்படி ஏற்றுவது வேறு காரியம். யூடியூப் ஸ்டுடியோவில் அந்தப் பாட்டை மட்டும் ஒலி நீக்கவோ, யூடியூப் இலவசமாகத் தரும் ஆடியோ லைப்ரரி இசையை அந்த இடத்தில் வைக்கவோ வழி இருக்கிறது. வருமானம் பற்றிக் கவலை இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

பத்து விநாடிக்குக் குறைவாகப் போட்டால் பிரச்சினை இல்லை என்கிறார்களே? (திருப்பூர்)

அப்படி ஒரு விதி நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. ஐந்து விநாடிக்கும் கிளைம் வரும்.

"இந்தப் பாட்டு எனக்குச் சொந்தமல்ல, உரிமை அனைத்தும் உரியவருக்கே" என்று டிஸ்கிரிப்ஷனில் போட்டிருந்தேன். அப்படியும் வந்துவிட்டது. (சேலம்)

அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. அனுமதி வாங்கவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. பெயர் போடுவது மரியாதைதான், ஆனால் அது அனுமதி ஆகாது.

என் மகள் பாடிய தியாகராஜர் கீர்த்தனையை ஏற்றினேன். வெறும் தம்புரா, வயலின், மிருதங்கம். ஒரு இசை நிறுவனம் தன்னுடையது என்று கிளைம் போட்டிருக்கிறது. தியாகராஜர் பாட்டுக்கு யார் உரிமை கொண்டாட முடியும்? (ஸ்ரீரங்கம்)

யாரும் முடியாது. தியாகராஜர் மறைந்தது 1847இல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் படைப்பு பொதுவுடைமை. ஆனால் அந்தக் கீர்த்தனையை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலிநாடாவுக்கு, அது வெளியான பின் 60 ஆண்டு தனி உரிமை உண்டு. நிறுவனம் கையில் இருப்பது அந்தப் பதிவு. இயந்திரம் உங்கள் மகளின் குரலை அந்தப் பதிவு என்று தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

இது எப்படி நேர்கிறது என்பதை ஒரு முறை பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு மாணவியின் வீடியோவுக்கு வந்த கிளைமைத் திறந்து, பொருத்தம் கண்டதாகச் சொன்ன இடத்தை ஹெட்ஃபோன் வைத்துக் கேட்டோம். முதல் இருபது விநாடி. அந்தப் பெண் இன்னும் வாய் திறக்கவே இல்லை, எலக்ட்ரானிக் தம்புராவின் நாதம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதே கருவியின் அதே சுருதி எத்தனை ஆல்பங்களில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் ஒருவர் தானே கணினியில் உருவாக்கிய பத்து மணி நேர வெள்ளை இரைச்சலுக்கு ஐந்து கிளைம் வந்ததாக 2018இல் செய்தி வெளியானது. வெறும் இரைச்சலுக்கே சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள்!

நீங்கள் டிஸ்ப்யூட், அதாவது ஆட்சேபம், போடுங்கள், தயங்க வேண்டாம். கிளைம் வந்த ஐந்து நாளுக்குள் போட்டால் முதல் நாளிலிருந்தே வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். காரணத்தைச் சுருக்கமாக எழுதுங்கள்: "கீர்த்தனை பொதுவுடைமை. குரலும் வாத்தியங்களும் எங்கள் சொந்தப் பதிவு. இன்னார் வயலின், இன்னார் மிருதங்கம், பதிவு செய்த நாள் இது." கோபம் வேண்டாம், இசை வரலாறும் வேண்டாம். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் கிளைம் விழுந்துவிடும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு அவர்கள் 7 நாளில் பதில் சொல்ல வேண்டும். அப்போதும் விடாப்பிடியாக இருந்தால் அவர்கள் முறையான நீக்கக் கோரிக்கை கொடுக்கலாம். ஸ்ட்ரைக் விழுவது அந்தக் கட்டத்தில்தான்.

யூடியூபே வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2021இன் முதல் ஆறு மாதத்தில் 72 கோடிக்கு மேல் கன்டென்ட் ஐடி கிளைம்கள். எதிர்த்துக் கேட்டவை சுமார் 37 லட்சம், அதாவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் அப்படிக் கேட்டவற்றில் 60 சதவீதம் வீடியோ ஏற்றியவருக்குச் சாதகமாக முடிந்தது. வாய் மூடி இருந்தவர்களில் எத்தனை பேர் நியாயம் உள்ளவர்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு பேர் தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத 50,000க்கும் மேற்பட்ட லத்தீன் பாட்டுகளைத் தங்களுடையது என்று கன்டென்ட் ஐடியில் காட்டி 2 கோடி டாலருக்கு மேல் சுருட்டி, கடைசியில் சிறைக்குப் போனார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கர்நாடக இசை என்பதாலேயே எல்லாம் பொதுவுடைமை ஆகிவிடாது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல், அவர் பாடல்களுக்கு 2033 முடிய உரிமைக்காலம் இருக்கிறது. பாரதியார் பாடல்களை மாகாண அரசு 1949இலேயே நாட்டுடைமை ஆக்கியது. எனவே பாடுங்கள், தடையில்லை. ஆனால் சினிமாவில் மெட்டமைத்த பாரதி பாட்டை அதே மெட்டில் பாடினால், மெட்டுக்கு வேறொருவர் சொந்தக்காரர்.

சினிமா விமர்சனச் சேனல் நடத்துகிறேன். ஏற்கெனவே இரண்டு ஸ்ட்ரைக். இரண்டுமே ஒரே பட நிறுவனம். விமர்சனத்துக்குக் காட்சியைப் பயன்படுத்தலாம் என்பது என் வாதம். வீடியோவை நீக்கியது தவறு என்று கவுண்டர் நோட்டீஸ் கொடுக்கலாமா? (மதுரை)

உங்கள் வாதத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நம் சட்டத்தின் 52(1)(a) பிரிவு விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. ஆனால் யூடியூபின் நடைமுறை 1998இல் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தைப் பின்பற்றியது. அங்கே இதற்கு 'ஃபேர் யூஸ்' என்று பெயர். குழந்தை ஆடும் 29 விநாடி வீட்டு வீடியோவை ஒரு பெரிய இசை நிறுவனம் நீக்கச் சொன்ன வழக்கில், நோட்டீஸ் அனுப்பும் முன் இது ஃபேர் யூஸா என்று உரிமையாளர் யோசித்தே ஆக வேண்டும் என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

ஆனால் நீங்கள் அனுப்பிய இரண்டு வீடியோவையும் பார்த்தேன். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். முதல் வீடியோவில் ஒரு காட்சியை நிறுத்தி, கேமரா எங்கே நிற்கிறது, ஏன் அந்த இடத்தில் வெட்டினார்கள் என்று விளக்குகிறீர்கள். அது அசல் விமர்சனம். இரண்டாவதில் பாட்டு நான்கு நிமிடம் இடைவெளியில்லாமல் ஓடுகிறது, உங்கள் குரல் முடிவில் இரண்டு வரி. அதை விமர்சனம் என்று எந்த நீதிமன்றத்திலும் நிறுவுவது கடினம். முதலாவதுக்குக் கவுண்டர் நோட்டீஸ் கொடுங்கள், இரண்டாவதுக்கு வேண்டாம்.

கொடுக்கும் முன் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண் எதிர்த்தரப்புக்குப் போகும். பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியோடு, வழக்கு வந்தால் கலிபோர்னியாவில் உள்ள நீதிமன்ற அதிகாரத்தை ஏற்பதாகவும் எழுதித் தருகிறீர்கள். அதன்பின் எதிர்த்தரப்பு அமெரிக்க வேலை நாள் கணக்கில் 10 நாளுக்குள் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும், ஸ்ட்ரைக்கும் நீங்கும். நம் நாட்டுச் சட்டத்திலும் இதற்கு இணையான ஒன்று இருக்கிறது. எழுத்துப்பூர்வப் புகார் வந்தால் 36 மணி நேரத்தில் இணைப்பை முடக்க வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறக்கலாம்.

இரண்டாவது வீடியோவுக்கு வேறு வழி: அந்த நிறுவனத்துக்கு நேரடியாக, பணிவாக எழுதி, ஸ்ட்ரைக்கை விலக்கிக்கொள்ளக் கேளுங்கள். 'ரிட்ராக்ஷன்' என்று பெயர். நான் பார்த்தவரை, தப்பை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வந்திருக்கிறது, மிரட்டி எழுதியவற்றுக்கு வந்ததில்லை. அதுவும் பலிக்காவிட்டால் ஸ்ட்ரைக் விழுந்த நாளிலிருந்து 90 நாள் பொறுத்து, காப்பிரைட் ஸ்கூல் என்ற சிறு பாடத்தை முடித்தால் அது காலாவதியாகும். வீடியோவை அழிப்பதால் ஸ்ட்ரைக் போகாது.

ஸ்ட்ரைக்கை எடுக்கப் பணம் கேட்கிறார்கள். கொடுத்துவிடவா? (கோயம்புத்தூர்)

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது. படைப்புக்கு உண்மையில் சொந்தக்காரர் உரிமக் கட்டணம் கேட்டால் அது பேரம். தொகை நியாயமா என்பது வேறு சண்டை. 2025 மே மாதம் மோஹக் மங்கல் என்ற யூடியூபர், ஸ்ட்ரைக்கை விலக்க ஏஎன்ஐ செய்தி நிறுவனம் லட்சக்கணக்கில் கேட்டதாகக் குற்றம்சாட்டி வீடியோ வெளியிட்டார். நிறுவனம் அதை மறுத்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடர்ந்தது. சில விநாடிச் செய்திக் காட்சிக்கு ஒரு சேனலின் உயிரையே பிணையாக வைக்கும் நிலை சரியா என்ற கேள்வி அப்போது நாடு முழுக்க எழுந்தது. சரியில்லை என்பதே என் கருத்து.

படைப்புக்குச் சம்பந்தமே இல்லாதவர் கேட்டால் அது அப்பட்டமான மிரட்டல். அமெரிக்காவின் ஒமாஹா நகரத்தில் ஒருவர் கேம் வீடியோ போடுபவர்கள் மீது பொய் ஸ்ட்ரைக் அடித்து, "பேபாலில் 150 டாலர், அல்லது பிட்காயினில் 75 டாலர்" என்று கேட்டார். 2019இல் யூடியூபே அவர் மீது வழக்குப் போட்டது. 25,000 டாலர் கொடுத்து, பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். எனவே ஜிபே எண் வந்ததும் அனுப்பிவிடாதீர்கள். மெயில், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், யூடியூபுக்குத் தெரிவியுங்கள், 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் புகார் கொடுங்கள். அடிப்படையில்லாத வழக்கு மிரட்டலுக்கு எதிராக நீதிமன்றம் போக நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு வழி தருகிறது.

மூன்று ஸ்ட்ரைக்கில் சேனல் போய்விட்டது. மனைவி பெயரில் புது சேனல் தொடங்கினேன். அதுவும் போய்விட்டது. ஏன்? (விழுப்புரம்)

90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் என்றால் அந்தச் சேனலும் அதோடு இணைந்த மற்றச் சேனல்களும் நீக்கப்படும், புதிதாகத் தொடங்கவும் அனுமதி இல்லை. யார் பெயரில் திறந்தாலும் நடத்துவது நீங்கள் என்று தெரிந்தால் மூடிவிடுவார்கள். டிஎம்சிஏ சட்டப்படி, திரும்பத் திரும்ப மீறுபவர்களை வெளியேற்றும் கொள்கை இருந்தால்தான் இதுபோன்ற தளங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு. 2007இல் வயாகாம் என்ற அமெரிக்க ஊடக நிறுவனம், தன் நிகழ்ச்சிகள் அனுமதியின்றி ஏற்றப்பட்டதாகச் சொல்லி, 100 கோடி டாலர் கேட்டு யூடியூப் மீது தொடர்ந்த வழக்கு 2014இல் சமரசம் ஆகும்வரை இழுத்தது. அந்தப் பாதுகாப்பை அவர்கள் லேசில் விட மாட்டார்கள்.

நீக்கப்பட்டவர்களுக்கு மறுவாய்ப்பு என்று 2025 அக்டோபரில் யூடியூப் அறிவித்தது உண்மை. ஆனால் காப்பிரைட் மீறலுக்காக நீக்கப்பட்டவர்களுக்கு அது இல்லை. உங்களுக்கு இருக்கும் வழி, மூன்றில் ஒன்றையாவது விழவைப்பதுதான்: ரிட்ராக்ஷன் கேளுங்கள், நியாயம் இருந்தால் கவுண்டர் நோட்டீஸ் கொடுங்கள். வருமானம் வரும் சேனல் என்றால் மூன்றாவது விழுந்ததும் ஏழு நாள் அவகாசம் தருகிறார்கள். அந்த ஏழு நாளை அழுது கழித்தவர்களை எனக்குத் தெரியும். படிக்கும் மற்றவர்களுக்கு: மூல வீடியோக்களை ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், இன்றே.

எங்கள் ஊர்ப் பாட்டி பாடிய கும்மிப்பாட்டைப் பதிவு செய்து போட்டேன். இன்னொரு சேனல் அப்படியே எடுத்துப் போட்டு, என்னுடையதைவிட அதிகம் பேர் பார்க்கிறார்கள். (புதுக்கோட்டை)

இந்தக் கேள்விக்கு ஆசையாகப் பதில் எழுதுகிறேன். கும்மிப்பாட்டு ஊருக்குச் சொந்தம். அதை வேறு யாரும் பாடிப் போட்டால் தடுக்க முடியாது. ஆனால் நீங்கள் எடுத்த காட்சியும் ஒலியும் உங்களுடையது. அதற்கு எங்கும் பதிவு செய்திருக்கத் தேவையில்லை, எடுத்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. யூடியூபின் நீக்கக் கோரிக்கைப் படிவத்தில் உங்கள் வீடியோ இணைப்பு, அவர்கள் இணைப்பு இரண்டையும் கொடுங்கள். உடனே நீக்கு, அல்லது ஏழு நாள் அவகாசம் கொடு என்று இரண்டு வழி இருக்கும். முதல் முறை ஏழு நாளைத் தேர்ந்தெடுங்கள். அதற்குள் அவர்களே எடுத்துவிட்டால் ஸ்ட்ரைக் விழாது. அந்தச் சேனலும் உங்களைப்போல் ஒரு பையன் செல்போனில் நடத்துவதாக இருக்கலாம். கோரிக்கை ஏற்கப்பட்டால் அதே வீடியோவை மீண்டும் யார் ஏற்றினாலும் காட்டிக்கொடுக்கும் காப்பிரைட் மேட்ச் டூல் உங்களுக்குத் திறக்கும்.

இன்னொன்று. பாடியவர் என்ற முறையில் அந்தப் பாட்டிக்கும் சட்டத்தின் 38ஆம் பிரிவில் நிகழ்த்துநர் உரிமை இருக்கிறது, 50 ஆண்டுக்கு. பதிவு செய்யவும் வெளியிடவும் அவர் சம்மதம் வேண்டும். கைநாட்டு வைத்த ஒரு தாள் போதும், அல்லது கேமரா முன் "போட்டுக்கோ தம்பி" என்று அவர் சொல்லும் பத்து விநாடி. இதுவரை வாங்கவில்லையென்றால், படிவத்தை நிரப்பும் முன் பாட்டி வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.