விளையாட்டுக்காரர், கோச், டெக்னிக்கல் டைரக்டர்: கேட்டதற்குப் பதில்கள்

11 வருடம் ஓர் ஆபீஸ் கால்பந்து டீமில் ஸ்டாப்பர் பேக், அதாவது நடுவில் நின்று தடுப்பவன். அப்புறம் 14 வருடம் சின்னப் பசங்களுக்குக் கோச். இப்போது ஓர் அகாடமியில் டெக்னிக்கல் டைரக்டர். எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

மாநில டீமுக்கு ஆடியவன் நான். ஓய்வு பெற்றதும் நேரே கோச் ஆகலாமா?

ஆகலாம், ஆனால் ஏணியில் கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டும். நம் ஊரில் இ, டி, சி, பி, ஏ, ப்ரோ என்று கோச்சிங் லைசென்ஸ் போகும். ஆடிய பெயர் வாசல்வரைதான் வரும்.

டி லைசென்ஸ் வகுப்பில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பையனைக் காட்டி, "பந்து வருவதற்கு முன்னால் அவன் ஏன் தோளுக்குப் பின்னால் பார்க்கிறான்?" என்று கேட்டார் பயிற்சியாளர். 11 வருடம் நானும் அதைச் செய்தவன்தான். வாயில் பதில் வரவில்லை. பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரிந்தால்தான் முதல் டச்சை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு செய்யலாம். கால் செய்வதை வாய் விளக்கும்வரை நீங்கள் விளையாட்டுக்காரர்தான்.

என் மகனுக்கு 9 வயது. எந்த அகாடமியில் சேர்க்கலாம்?

வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளதில். ஒரு மணி நேரப் பயிற்சியில் அவன் கால் எத்தனை முறை பந்தைத் தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். வரிசையில் நின்றே பொழுது போனால் வேறு இடம் தேடுங்கள்.

டெக்னிக்கல் டைரக்டர் என்றால் ஹெட் கோச்சுக்கு மேலதிகாரியா? அவர் என்னதான் செய்கிறார்?

நல்ல கேள்வி. ஹெட் கோச்சின் கவலை சனிக்கிழமை மேட்ச். டெக்னிக்கல் டைரக்டருக்கு இன்னும் எட்டு வருடம் கழித்து யார் ஆடப்போகிறார்கள் என்ற கவலை. எந்த வயதில் எதைச் சொல்லித் தருவது, எத்தனை பேர் கொண்ட மேட்ச் ஆடுவது, கோச்சுகளுக்கு யார் பயிற்சி தருவது எல்லாம் அவர் பொறுப்பு.

பெல்ஜியத்தைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு யூரோ கோப்பையை (ஐரோப்பிய நாடுகளின் போட்டி) நெதர்லாந்தோடு சேர்ந்து நடத்தி, முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். அப்புறம் அவர்களின் டெக்னிக்கல் டைரக்டர் மிஷேல் சப்லோன் இளையோர் கால்பந்தையே மாற்றி அமைத்தார். சின்னக் குழந்தைகளுக்கு 2க்கு 2, அப்புறம் 5க்கு 5, அப்புறம் 8க்கு 8. மிகச் சிறியவர்களுக்குப் புள்ளிப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். 2018 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம். இடையில் எத்தனை வருடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிரான்சில் எமே ஜாக்கே 1998 உலகக் கோப்பையை வென்ற கையோடு கோச் வேலையை விட்டுவிட்டு இந்த நாற்காலிக்கு வந்தார்.

நம்மவர் வேண்டுமென்றால் சபீர் பாஷா. சென்னைக்காரர், இந்தியாவுக்கு ஆடியவர். 'சென்னையின் எஃப்சி' கிளப்பில் இளையோர் பிரிவைப் பார்த்தார், 2022இல் அதன் இடைக்காலக் கோச்சாக இருந்தார், 2023இல் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் டெக்னிக்கல் டைரக்டர் ஆனார்.

புள்ளிப் பட்டியலை எடுத்துவிட்டால் ஜெயிக்கும் வெறி எங்கிருந்து வரும்? இது வெள்ளைக்காரன் சொகுசு. (கேட்டவரும் முன்னாள் விளையாட்டுக்காரர்)

ஐயா, எட்டு வயதுப் பையனுக்குக் கோல் எண்ணச் சொல்லித்தர வேண்டுமா? ஸ்கோரை வீடு வரை கத்திக்கொண்டே போவான். பட்டியல் கெடுப்பது கோச்சை. எங்களிடமே ஒரு கோச், 11 வயது அணியில் உயரமான ஒருவனை முன்னால் நிறுத்தி, பந்தை அவனை நோக்கி ஓங்கி உதைக்கும்படி கோல்கீப்பரிடம் சொன்னார். 7-0. பெற்றோர் கைதட்டினார்கள். 15 வயதில் மற்ற பசங்களும் அந்த உயரத்துக்கு வந்துவிட்டார்கள். பந்தை வாங்கித் திரும்பத் தெரியாமல் அவன் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

(அவரே மீண்டும்) அப்படியானால் உயரமே வேண்டாமா? கோல்கீப்பரையும் குள்ளமாகத் தேடுவீர்களா?

அப்படி நான் சொல்லவே இல்லை. 11 வயது உயரத்தை வைத்து 20 வயது ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்கிறேன். 1970களில் பார்சிலோனா இளையோர் பிரிவிலேயே 1.80 மீட்டருக்குக் குறைந்த பையனைக் கூட்டி வராதே என்று அறிவிப்பு இருந்தது. லௌரியானோ ருயிஸ் என்ற கோச் வந்து அதைக் கிழித்தார். பிற்பாடு அங்கிருந்து யார் யார் வந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

(இன்னொருவர்) அவர் சொல்வதுதான் சரி. நாங்கள் அடி வாங்கித்தான் கற்றோம்.

நானும்தான் வாங்கினேன். அதனால் ஒரு பாஸ்கூட நன்றாக வரவில்லை.

மகன் டிசம்பரில் பிறந்தவன். ஒவ்வொரு செலக்‌ஷனிலும் கழித்துவிடுகிறார்கள்.

இதைக் கேட்டதற்கு நன்றி. ஜனவரி 1ஐக் கணக்காக வைப்பதால், ஜனவரிப் பையன் உங்கள் மகனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். 12 வயதில் அது ஒரு தலை உயரம், ஓட்டத்தில் அரை அடி முந்தல். தேர்வாளர் திறமை என்று நினைத்துப் பார்ப்பதில் பாதி பிறந்த மாதம்தான். பந்தோடு அவனுக்கு நேரம் கிடைக்கட்டும். 16 வயதில் கணக்கு மாறும். ஆனால் அதற்காக வயதுச் சான்றிதழில் கை வைக்காதீர்கள்.

10 வயது மகள். எந்த அகாடமி?

மேலே சொல்லிவிட்டேன்.

ஒரு வருடம்தானே, வயதைக் குறைத்தால் யார் கண்டுபிடிப்பார்கள்?

மணிக்கட்டு கண்டுபிடிக்கும். 2009இலிருந்து 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறார்கள். அங்குள்ள வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் இடம்) முழுக்க மூடியிருந்தால் 17 தாண்டியாயிற்று என்று கிட்டத்தட்ட உறுதி. மாட்டினால் தடை பையனுக்கு, உங்களுக்கு அல்ல. கை வைக்காதீர்கள் என்று இன்னொரு முறை சொல்கிறேன்.

முட்டி வலிக்கிறது. என்ன தைலம் தேய்க்கலாம்?

எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

8 வயது. எந்த அகாடமி?

...

பட்டியல் விஷயத்தில் நீங்கள் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. (அதே முன்னாள் விளையாட்டுக்காரர்)

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்கு வாருங்கள் ஐயா. 4க்கு 4 நடக்கும், பட்டியல் கிடையாது. தோற்றவன் அழுவதை நேரில் பாருங்கள். அப்புறம் வெறி இல்லை என்று சொல்லுங்கள். இப்போது 13 வயதுப் பசங்க வந்துவிட்டார்கள், பந்துக்குக் காற்றடிக்க வேண்டும்.