கூண்டில் வளர்க்கிற ஃபின்ச் குருவி ஜோடி தன் குஞ்சைக் கூட்டுப் பானையிலிருந்து கீழே தள்ளிவிடுகிறது. எடுத்து நானே வளர்க்கலாமா?

வளர்க்கலாம். நான் ஒன்று வளர்த்திருக்கிறேன். ஆனால் சிரிஞ்ச் தேடி மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. குஞ்சைச் சூடு பண்ணுங்கள். இரை அப்புறம்.

சில்லிட்டுப் போன குஞ்சு வாய் திறக்காது. வாய் திறக்காத குஞ்சு ஆத்தாள் கணக்கில் செத்த குஞ்சு, தூக்கி வெளியே போட்டுவிடும். அதே குஞ்சைச் சூடாக்கி, வாய் பிளந்து தலையை ஆட்டுகிற நிலைமைக்குக் கொண்டுவந்து திரும்பப் பானைக்குள் வைத்தால், பல நேரம் ஒன்றும் நடக்காத மாதிரி ஊட்ட ஆரம்பித்துவிடும். மனுஷக் கை பட்டால் ஒதுக்கிவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் எத்தனையோ தடவை கையால் எடுத்து வைத்திருக்கிறேன், அந்த வாசனைக்காக எதுவும் ஒதுக்கப்படவில்லை. சில்லிட்ட குஞ்சுக்கு இரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். செரிக்காது, அப்படியே தங்கி ஆளை முடித்துவிடும்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் நானே சொல்கிறேன். பிள்ளை கேட்டது என்று ஒரு ஜோடி வாங்கியிருப்பீர்கள். கூண்டில் மண்பானை கட்டிய பத்தாம் நாள் முட்டை. அப்புறம் நாளுக்கு நாலு தடவை செல்போன் டார்ச் அடித்துப் பானைக்குள் பார்த்து, ஸ்டேட்டஸும் போட்டிருப்பீர்கள். கோபப்படாதீர்கள், இதெல்லாம் நான் செய்தது.

எனக்குத் தண்டையார்பேட்டை. மாடி போர்ஷன், வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். எங்க அப்பா காசிமேட்டில் கர்ணப்புறா வைத்திருந்தவர். சாயங்காலம் மொட்டை மாடியில் அவர் விசில் அடித்தால் தெருவே அண்ணாந்து பார்க்கும். அதனால் பறவை வளர்ப்பது எனக்கு ரத்தத்தில் இருக்கிறது என்று ஒரு திமிர். புறா வேறு, ஃபின்ச் வேறு என்று தெரியாது. புறா இரண்டே முட்டை வைக்கும், ஆணும் பெட்டையுமாகத் தொண்டையிலிருந்து பால் மாதிரி கக்கி ஊட்டும், கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். இது அப்படி இல்லை. நாலு முதல் ஆறு முட்டை, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு. பன்னிரண்டு, பதினாலு நாளில் பொரியும். பிறந்த குஞ்சு வேகவைத்த வேர்க்கடலை மாதிரி இருக்கும், கண் தெரியாது.

2023 ஆடியில் என் வீட்டுக்காரர் பிராட்வே பக்கத்திலிருந்து ஜீப்ரா ஃபின்ச் ஒரு ஜோடி வாங்கி வந்தார். ஆணுக்கு ஆரஞ்சுக் கன்னம், விலாவில் வெள்ளைப் புள்ளி, பெட்டை சாம்பல். இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அங்கே வறண்ட காட்டில் எப்போது மழை பெய்து புல் விதை பிடிக்கிறதோ அப்போது கூடு கட்டும். நம் வீட்டில் தினமும் தினை, தினமும் தண்ணீர். அதுக்கு வருஷம் முழுக்க மழைக்காலம். விட்டால் முட்டை வைத்துக்கொண்டே இருக்கும், பெட்டை உருக்குலைந்து போகும். மூன்று மாதத்திலேயே முட்டை வைத்துவிடும், ஆனால் பிள்ளை வளர்க்கிற பக்குவம் வந்திருக்காது. எங்களுடையது முதல் ஈட்டு முட்டையை, அதாவது முதல் தடவை வைத்த முட்டைகளை, உருட்டிக் கீழே தள்ளியது அதனால்தான். ஆறேழு மாதம் ஆகும்வரை பானையே கட்டாதீர்கள். இரண்டு ஈடு எடுத்ததும் பானையைக் கழற்றிவிட்டு ஓய்வு கொடுங்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது தாமதமாக.

கணவாய் ஓடு மட்டும் முதல் நாளிலிருந்தே போட்டேன். பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டை வெளியே வராமல் சிக்கிச் செத்தே போகும். பறவைக் கடையில் அதை பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். காசிமேட்டில் கணவாய் அறுக்கிற அக்காவிடம் கேட்டால் கை நிறையச் சும்மா கொடுப்பார். நாலு நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, நாற்றம் போக வெயிலில் காயவைத்தால் போதும். மீன் கிடைக்காத ஊர்க்காரர்கள் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள், அதே பொருள்தான்.

இப்போது அந்த டிசம்பர்.

நவம்பர் கடைசியில் இரண்டாவது ஈடு. ஐந்து முட்டையில் நாலு பொரிந்தது. ஊட்டும்போது பானைக்குள்ளிருந்து வருகிற சத்தம் கேட்டு மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். 3ஆம் தேதி ஞாயிறு ராத்திரி மிக்ஜாம் புயல். வராண்டாவில் சாரல் அடிக்கிறதே என்று அந்த இருட்டில் கூண்டைக் கழற்றிச் சமையலறைக்குள் கொண்டுவந்து வைத்தேன். நல்லது என்று நினைத்துச் செய்ததுதான். கூண்டு ஆடியதில் ஆணும் பெட்டையும் பானையை விட்டு வெளியே வந்துவிட்டன. இருட்டில் ஃபின்ச்சுக்குக் கண் தெரியாது, திரும்ப உள்ளே போகவில்லை போல. கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. திங்கள் விடிந்ததும் பார்த்தால் கூண்டுத் தட்டில் மூன்று குஞ்சு. இரண்டு விறைத்துவிட்டன. மூன்றாவதும் ஐஸ் மாதிரிதான் இருந்தது. பானைக்குள் ஒன்றே ஒன்று.

எங்க அத்தை, அதாவது மாமியார், பார்த்துவிட்டு “செத்துப் பூட்ச்சிமா, தூக்கிப் போடு” என்றார். மனசு வராமல் கைக்குள் பொத்தி ஊதிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும், ஒரு கால் லேசாக உதைத்தது. அதைப் பார்த்ததும் அதே அத்தை எழுந்து போய், வடித்து நிமிர்த்திய சோற்றுச் சட்டி மூடிமேல் துணி மடித்துப் போட்டு, காபி டபராவில் பஞ்சு வைத்து எடுத்து வந்தார். “இதுல வெய்யி. கரண்ட் இல்லாத காலத்துல நாங்கல்லாம் கோழிக்குஞ்சு காப்பாத்துலியா?”

மயிர் முளைக்காத குஞ்சுக்கு நம் உடம்புச் சூடு, இல்லை அதைவிடத் துளி குறைச்சல் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லை. கைக்குழந்தைக்குப் பால் சூடு பார்க்கிற மாதிரி மணிக்கட்டை வைத்துப் பார்த்தேன். சட்டி ஆறினதும் வெந்நீர் பாட்டிலில் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். சூடு அதிகமானால் குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கும், உடனே தள்ளி வையுங்கள்.

மதியம் வாயைப் பிளந்தது. அவித்த முட்டை மஞ்சள் கரு, தினை மாவு, வெதுவெதுப்பான தண்ணீர். மிக்ஸி ஓடாதே, இடிகல்லில் தினையை இடித்து, பிளவுஸுக்கு வைத்திருந்த லைனிங் துணியில் சலித்தேன். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச், நுனியில் சைக்கிள் கடை வால்டியூப் ரப்பர் ஒரு துண்டு. (அது கழன்று தொண்டைக்குள் போய்விடாமல் இறுக்கமாக மாட்டுங்கள்.) ஒரு சொட்டு, அது விழுங்கினதும் அடுத்த சொட்டு. அவசரப்பட்டால் மூச்சுக்குழலில் போய்விடும். கழுத்துப் பக்கம் இரைப்பை கண்ணாடி மாதிரி வெளியே தெரியும், பாசிமணி அளவு உப்பினால் நிறுத்திவிட வேண்டும், வடிந்த பிறகுதான் அடுத்தது. மணிக்கு ஒரு தடவை, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை. ராத்திரி ஊட்ட வேண்டியதில்லை, ஆத்தாளும் ஊட்டாது. சூடு மட்டும் குறையக் கூடாது. முகத்தில் ஒட்டியதை அப்போதே துடையுங்கள், காய்ந்தால் இறுகிவிடும்.

சாயங்காலம் பானைக்குள் திருப்பி வைத்தேன். ஆண் உடனே ஊட்டியது. அப்பாடா என்று படுத்தால், செவ்வாய் காலை மறுபடி தட்டில் கிடக்கிறது. இரண்டாம் தடவையும் தள்ளினால் திருப்பி வைத்துச் சோதனை பண்ணாதீர்கள், அது உங்கள் குஞ்சு. பெங்காலீஸ் ஃபின்ச் ஜோடி ஏதாவது அதே சமயம் அடையில் இருந்தால் அதனிடம் கொடுத்துவிடலாம், அடுத்த வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் பார்க்காது. எனக்கு அந்த வசதி இல்லை. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் தெருவில் முழங்கால் தண்ணீர்.

கூண்டில் அடைப்பதே பாவம், அதில் கருணை வேறா என்று இந்தப் பதிலுக்குக் கீழே எழுத ஒருத்தர் கட்டாயம் வருவார். வரட்டும். இது பல தலைமுறையாகக் கூண்டிலேயே பெருகிய பறவை, திறந்துவிட்டால் காக்காய்க்கு இரை. நம் ஊர் சில்லைக் குருவியைப் பிடித்துச் சிவப்பு முனியா என்று விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதைத் தட்டிக் கேட்க வருகிற ஆளை இன்னும் நான் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். அதே வாரம் எண்ணூர் கழிமுகம் முழுக்க வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்தது. எங்க அண்ணன் எர்ணாவூர் குப்பத்தில் இருக்கிறார். படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் தார் பூசிய மாதிரி. பல நாள் அந்த ஜனங்கள் மக்கிலும் பக்கெட்டிலும் கையாலேயே அள்ளினார்கள். கூழைக்கடா ஒன்று சிறகெல்லாம் கறுப்பாகி, பறக்கவும் முடியாமல் தண்ணீரில் இறங்கவும் முடியாமல் நின்றதை அண்ணன் வீடியோ எடுத்து அனுப்பினார். என் கூண்டைப் பற்றி எனக்கு வகுப்பு எடுத்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தருக்கு அதை அனுப்பினேன். பார்த்துவிட்டார், நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. வடசென்னை என்றால் அவ்வளவுதான், புகையும் எண்ணெயும் எங்களுக்குப் பழகிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, குஞ்சு. எங்களுக்குக் கரண்ட் வந்தது வியாழன் ராத்திரி. அதற்கப்புறம் அட்டைப்பெட்டி ஓரத்தில் பல்பு. கண் திறந்தது, சிறகுக் குச்சி முளைத்தது, மூன்று வாரத்தில் மிஷின்மேல் தத்திப் பறந்து உட்கார்ந்தது. ஊறவைத்த தினையைத் தட்டில் தூவிவிட்டேன். கொத்திப் பார்க்க ஆரம்பித்தும் பதினைந்து நாள்போலக் கூடவே ஊட்ட வேண்டியிருந்தது. போகிக்கு அதுவே உமி நீக்கித் தின்றது. அன்றைக்கு விடியற்காலையில் ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி அடைத்தேன், டயர்ப் புகை இதுகளுக்கு ஆகவே ஆகாது.

கடைசியாக ஒன்று, இதை யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை. அது ஆண். கன்னம் சிவந்ததும் ஒரு பெட்டையைக் கூட விட்டேன், திரும்பியே பார்க்கவில்லை. என் கட்டைவிரலைக் காட்டினால் போதும், கழுத்தை நீட்டி, உடம்பை விறைத்துக்கொண்டு, பெட்டைக்குப் பாடுகிற பாட்டை அதுக்குப் பாடும். கண் திறந்தபோது பார்த்த முகம் எதுவோ அதுதான் அதன் ஜாதி. ஆண் குஞ்சு ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம்வரை அப்பனிடம் கேட்டுத்தான் பாட்டுப் படிக்கும். அந்த நாளெல்லாம் இது மிஷின் பக்கத்தில் என்னோடு இருந்தது. அதன் பாட்டில் பாதி அப்பனுடையது, மீதி என்னவென்று தெரியாது. வீட்டுக்காரர் அது பாபின் சுற்றுகிற சத்தம் என்கிறார். அதனால் தானாகத் தின்ன ஆரம்பித்ததுமே மற்ற ஃபின்ச்சுகளோடு பெரிய கூண்டில் விட்டுவிடுங்கள். செல்லம் கொஞ்சி என்னை மாதிரி கையிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் குஞ்சுக்கு எத்தனை நாள் ஆகிறது? மூன்று நாளுக்குள் என்றால் ஊட்டிப் பிழைக்க வைப்பது ரொம்பக் கஷ்டம், சூடாக்கிப் பானைக்குள்ளேயே முயற்சி பண்ணுங்கள். ஒரு வாரம் தாண்டியிருந்தால் இன்றைக்கே ஒரு டபரா ஒதுக்குங்கள். எங்களுடையது இன்னும் காபிக்குத் திரும்பவில்லை, அத்தை தொட மாட்டேன் என்கிறார்.