ராஜ்மாவை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பானையில் வேகவைத்த ராஜ்மாவை உண்டபின் என் மகன் வாந்தியெடுத்தான். இனி அதை வாங்காமலே இருந்துவிடலாமா? (வாசகி, பிடோக்)

பதில்: வேண்டாம், அம்மா. பெரும்பாலும் சூடு போதாமையே காரணமாக இருக்கும். ராஜ்மாவில் இயற்கையாகவே உள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம், நான்கைந்து வேகாத விதைகளை உண்டாலே சில மணி நேரத்துக்குள் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடியது. 80 பாகை செல்சியசில் அரைவேக்காடாக நிற்கும் பயறு, வேகாத ராஜ்மாவைவிடவும் நஞ்சு மிக்கதாகலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் 30 நிமிடம் அடுப்பில் தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே பானையில் இடுங்கள். புரதமும் நார்ச்சத்தும் ஃபோலேட்டும் நிறைந்த இவ்வுணவை, குறிப்பாகச் சைவ வீடுகள், ஒதுக்குவது பெரும் இழப்பு என்றே கருதுகிறேன். தேக்காவில் வாங்கும் டின் ராஜ்மா முன்பே நன்கு வெந்தது. அதற்கு இந்தக் கவலை தேவையில்லை.